ஒரு கட்டடம், ஓர் இணைப்பு, பத்துக் குடித்தனங்கள்

தென்லண்டனின் விளிம்பில் இருக்கும் சட்டன், 1965 வரை சர்ரே மாவட்டத்து ஊர். லண்டன் பெருநகரத்துக்குள் சேர்க்கப்பட்டு அறுபது ஆண்டு ஆனபின்னும் பழைய ஆட்கள் முகவரியில் சர்ரே என்று எழுதுவதை விடவில்லை. ரயில் நிலையத்தில் இறங்கினால் கடைத்தெரு வடக்கே சரிந்து இறங்குகிறது. நிலையத்தை ஒட்டி க்வாட்ரண்ட் ஹவுஸ் என்ற பெரிய அலுவலகக் கட்டடம். கணினித் துறையின் பழம்பெரும் வார இதழான கம்ப்யூட்டர் வீக்லி நெடுங்காலம் அங்கிருந்துதான் வெளிவந்தது. தபால் துறையின் ஹொரைசன் கணினிக் கணக்கை நம்பி நிரபராதிகளான கிளை அஞ்சலகக்காரர்களைத் தண்டித்த விவகாரத்தை 2009 மே மாதத்தில் முதலில் விரிவாக எழுதியது அந்த இதழ்தான். இந்தச் சின்ன ஊருக்கும் கணினி உலகத்துக்கும் அப்படியொரு தொடர்பு உண்டு.

இந்தக் கட்டுரை பெரிய கட்டடங்களைப் பற்றியது அல்ல. கடைகளுக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் இரண்டு மூன்று தளங்களில் பத்துப் பன்னிரண்டு அறைகள் இருக்கும். ஒன்றில் கணக்காளர், அடுத்ததில் வழக்கறிஞர், எதிரே கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் நிலையம், மூலையில் பயணச்சீட்டு முகவர். சட்டன், டூட்டிங், நியூ மால்டன், கிராய்டன் என்று தென்லண்டன் முழுக்க நம்மவர்களின் சிறு தொழில்கள் இப்படிப்பட்ட அறைகளில்தான் நடக்கின்றன. நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் இவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கட்டடக்காரர் இன்டர்நெட்டையும் வாடகையோடு சேர்த்துத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா, தனியாகப் போட்டுக்கொள்ளட்டுமா?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. இதில் கொஞ்சம் கணிதம், கொஞ்சம் சட்டம், கொஞ்சம் அண்டை அயல் உறவு எல்லாம் கலந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பகிர்வதன் கணக்கு

முதலில், பகிர்ந்துகொள்வது ஏன் சாத்தியமாகிறது? நாம் இணையத்தை எந்நேரமும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் காரணம். ஒரு பக்கத்தைத் திறக்கிறோம், இரண்டு நிமிடம் படிக்கிறோம். அந்த இரண்டு நிமிடமும் கம்பி சும்மா கிடக்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம். கட்டடத்தில் பத்து அலுவலகங்கள். ஒவ்வொன்றும் வேலை நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே இணைப்பை மும்முரமாகப் பயன்படுத்துகிறது. அப்போது அதற்கு 100 மெகாபிட் வேகம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கும் தனித்தனியே என்றால் 1000 மெகாபிட் வாங்க வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் மும்முரமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? நிகழ்தகவுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாக வருகிறது. எட்டு மணி நேர வேலைநாளில் அது ஒரு நிமிடம்கூட இல்லை. ஆகவே 400 மெகாபிட் வாங்கினால் பத்துப் பேருக்கும் போதும். அந்த ஒரு நிமிடத்தில் சற்றே மெதுவாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தச் சிந்தனைக்கு வயது நூறுக்கு மேல். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1909இல் தொலைபேசி அழைப்புகள் எப்படி வந்து விழுகின்றன என்பதை நிகழ்தகவாக எழுதிக் காட்டினார். ஆயிரம் வீடு உள்ள ஊருக்கு ஆயிரம் வெளிக்கம்பி வேண்டாம், சில டஜன் போதும் என்று சொல்லும் துணிவு அந்தக் கணிதத்திலிருந்து வந்தது. பின்னாளில் இணைய நிறுவனங்களும் இதையே செய்தன. பிரிட்டனில் 2000இல் அகலப்பட்டை இணைப்பு வந்தபோது, வீட்டு இணைப்பென்றால் ஒரே கொள்ளளவை 50 பேர் வரை பகிர்வார்கள், வணிக இணைப்பென்றால் 20 பேர் என்று விகிதம் வைத்தே பி.டி. நிறுவனம் விற்றது. அதாவது நாம் தனியாக வாங்கியதாக நினைக்கும் இணைப்பும் எங்கோ ஓரிடத்தில் பகிரப்பட்டதுதான். யாரோடு பகிர்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டடத்துக்குள் பகிர்ந்தால் தெரிகிறது, அதுதான் வித்தியாசம்.

ஆனால் மேற்சொன்ன கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பத்து அலுவலகமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், தத்தம் இஷ்டப்படி இயங்க வேண்டும். முதுநிலைப் பொறியியல் வகுப்பில் இந்த நிபந்தனையை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். வாழ்க்கையில் அது எப்போது உடைகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

க்ளிங்க் தெரு

கட்டடத்துக் குடித்தனக்காரர்கள் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்ட கதைகளில் குறிப்பிடத்தக்க ஒன்று லண்டனிலேயே நடந்தது. லண்டன் பாலத்துக்கு அருகில், தேம்ஸ் கரையோரம் க்ளிங்க் தெரு. அங்கே வின்செஸ்டர் வார்ஃப் என்ற பழைய சரக்குக் கிடங்குக் கட்டடம். 1990களின் பிற்பாதியில் அதில் வலைத்தளம் செய்யும் சிறு நிறுவனங்களும் கலைஞர்களும் குடியிருந்தார்கள். ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் பேக்ஸ்பேஸ் என்ற பொது இணையக் கூடத்தை அங்கே நடத்தினார். அந்நாளில் நிரந்தர இணைப்பு என்றால் குத்தகைக் கம்பிதான். சிறு நிறுவனம் ஒன்று தனியாகத் தாங்கக்கூடிய செலவல்ல அது. ஆகவே கட்டடத்துக்குள் பகிர்ந்துகொண்டார்கள்.

கட்டடத்துக்குள் கம்பி இழுப்பது எளிது. தெருவின் மறுபக்கத்திலிருந்த நண்பர்களுக்கும் கொடுக்கலாமே என்று நினைத்தபோதுதான் சிக்கல். பொதுத்தெருவைக் கடந்து கம்பி போட அனுமதி, உரிமம், செலவு. சில கெஜம் அகலமுள்ள தெரு, கடலைப் போலக் குறுக்கே நின்றது. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த கம்பியில்லா வலைப்பின்னல் கருவியை இரு பக்கமும் வைத்துத் தெருவைத் தாண்டினார்கள். அந்த அனுபவத்திலிருந்து 2000இல் ஸ்டீவன்ஸும் ஜூலியன் ப்ரீஸ்ட் என்பவரும் சேர்ந்து கன்ஸ்யூம் என்ற சமூக வலைப்பின்னல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். தெருவுக்குத் தெரு, கூரைக்குக் கூரை இணைத்து, தொலைபேசி நிறுவனத்தை நம்பாமல் லண்டன் முழுக்க ஒரு வலை பின்னுவது அவர்கள் கனவு. அந்தக் கனவு முழுமையாக நிறைவேறவில்லை. அகலப்பட்டை விலை சரிந்ததும் பகிர்ந்தாக வேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லாமல் போனது.

ஆனால் ஒரு நல்ல விஷயம் மிஞ்சியது. 2002இல் பெர்லினில் லண்டன்காரர்களும் ஜெர்மானியரும் டென்மார்க்குக்காரரும் கூடிப் பேசியதிலிருந்து பிக்கோ பியரிங் ஒப்பந்தம் என்ற ஒரு சிறு ஆவணம் உருவானது. என் வழியாகப் போகும் பிறர் தகவலைத் தடுக்கவோ திருத்தவோ மாட்டேன், இணைவதற்கு வேண்டிய விவரங்களை வெளிப்படையாக வைப்பேன், எந்த உத்தரவாதமும் தரவில்லை, பயன்பாட்டு நிபந்தனைகளை நானே எழுதுவேன் – சாரம் இவ்வளவுதான். பக்கத்து அறைக்காரரோடு இணைப்பைப் பகிரும் எவரும் இதைப்போல ஒரு பக்கத்தை எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

நம் ஊரில் நடந்தது

நமக்கு இது புதிதல்ல. மறுவிற்பனை என்ற சொல் தெரியாமலேயே ஒரு தலைமுறை அதில் வாழ்ந்தது. எஸ்.டி.டி. பூத் என்பது வேறென்ன? தொலைபேசித் துறையிடமிருந்து ஓர் இணைப்பு வாங்கி, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, ஓடும் மீட்டரைக் காட்டி, நிமிடக் கணக்கில் ஊருக்கு விற்றார்கள். சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவசரம் அவசரமாக "வெச்சுடட்டுமா?" என்று கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு அதே கடைகளில் பல ப்ரௌசிங் சென்டர்களாயின. 2000களில் சென்னையில் சிஃபி நிறுவனம் கேபிள் டி.வி.காரர்களோடு கூட்டுச் சேர்ந்தது. ஏதோ ஒரு மொட்டை மாடியில் வானலை வாங்கி. அங்கிருந்து தென்னை மரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் சுற்றிக்கொண்டு வீடு வீடாக வலைக்கம்பி போகும். மழை பெய்தால் நிற்கும். கேபிள்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் நிற்கும்.

எஸ்.டி.டி. பூத்தின் வெற்றியை இந்திய அரசு மறக்கவில்லை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வாணி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பெட்டிக்கடைக்காரரோ தேநீர்க் கடைக்காரரோ உரிமமோ பதிவோ கட்டணமோ இல்லாமல் தன் இணைப்பை வை-ஃபை மூலம் பொதுமக்களுக்கு விற்கலாம். அத்தகைய கடைக்கு வைத்த பெயரே 'பொதுத் தரவு அலுவலகம்', பழைய பொதுத் தொலைபேசி நிலையத்தின் பெயரை ஒட்டியே. ஆனால் கடைக்காரர் தனியே விடப்படுவதில்லை. பயனாளர் யார் என்று சரிபார்ப்பதும் கணக்கு வைப்பதும் அவருக்கு மேலே இருக்கும் ஓர் ஒருங்கிணைப்பு நிறுவனத்தின் பொறுப்பு. பகிர்வதில் கடினமான பகுதி எது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு பிரித்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி தொலைத்தொடர்பு அமைப்பு எதையும் நடத்த உரிமம் வேண்டும். சிறியவர்களுக்குப் பொது உரிமங்கள் இருந்தன. 2003 ஜூலையில் தகவல்தொடர்புச் சட்டம் அந்த முறையை மாற்றியது. அதன் பிறகு இணையச் சேவை தருவதற்கு முன் அனுமதி தேவையில்லை. பொது நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் தரலாம். கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்துவதும் அந்தத் தொழிலில் 50 லட்சம் பவுண்டு விற்றுமுதலைத் தொடுகிறவர்களுக்குத்தான். ஆக, மாடியறைக்காரருக்கு இணைப்பை விற்பது சட்டவிரோதம் என்ற பயம் வேண்டாம்.

சட்டம் விட்டாலும் ஒப்பந்தம் விடாது என்பது அடுத்த விஷயம். வீட்டு இணைப்பின் நிபந்தனைகளில் மறுவிற்பனை கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். சாதாரண வணிக இணைப்பிலும் எழுத்துமூல ஒப்புதல் கேட்பார்கள். பகிர்வதற்கென்றே விற்கப்படும் இணைப்புகளும் குத்தகைக் கம்பிகளும் தனி. அவற்றின் விலை கூடுதல். ஆனால் பழுது பார்க்கும் கெடுவும் கொள்ளளவும் உறுதி. கட்டடக்காரர் கையில் இருப்பது இதில் எது என்பதைக் கேட்க வாடகைக்காரருக்கு முழு உரிமை உண்டு. மறைவாக மறுவிற்பனை செய்யப்படும் வீட்டு இணைப்பு ஒருநாள் துண்டிக்கப்பட்டால், துண்டித்த நிறுவனத்திடம் போய் நிற்க வாடகைக்காரருக்கு இடமே இல்லை. அவர்களின் பதிவேட்டில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

அனுமதியில்லாமல் பிறர் இணைப்பில் தொற்றிக்கொள்வது வேறு கதை. 2003 சட்டத்தின் 125ஆவது பிரிவு, கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கில் நேர்மையற்ற வழியில் சேவை பெறுவதைக் குற்றமாக்குகிறது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. 2005இல் மேற்கு லண்டனில் வேறொருவர் வீட்டு வை-ஃபையை அனுமதியின்றிப் பயன்படுத்திய ஒருவருக்கு ஐசில்வொர்த் நீதிமன்றம் 500 பவுண்டு அபராதம் விதித்தது.

விலை விஷயத்தில் ஒரு வேடிக்கை. வீட்டுக் குடித்தனக்காரருக்கு மின்சாரம் மறுவிற்பனை செய்பவர், தான் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்று இங்கே உச்சவரம்பு உண்டு. இணையத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே கட்டடக்காரர்களில் சிலர் இதை ஒரு தனி வருமானமாகவே பார்க்கிறார்கள். அது குற்றமல்ல. கம்பி போட்டதும் கருவி வாங்கியதும் பழுது பார்ப்பதும் அவர்தானே! ஆனால் வேறு நிறுவனத்தின் கம்பியைக் கட்டடத்துக்குள் விடமாட்டேன் என்று அவர் சொன்னால் கதை மாறுகிறது. கட்டடத்துக்குள் கம்பி போட நிலவுரிமையாளரின் சம்மதம் வேண்டும். பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும் உரிமையாளர்களைச் சமாளிக்க 2021இல் ஒரு சட்டம் வந்தது. அது அடுக்குமாடிக் குடியிருப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடைமேல் அலுவலகத்தில் இருப்பவர் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, 'எனக்கு விருப்பமான நிறுவனத்தின் இணைப்பைக் கொண்டுவர உரிமையுண்டு' என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு கேட்டால் கிடைக்காது.

இணைப்பைக் கொடுப்பவருக்கும் ஒரு பயம் உண்டு: வாடகைக்காரர் தவறு செய்தால் என் தலையில் விடியுமா? ஜெர்மனியில் ம்யூனிக் அருகே ஒலி ஒளிக் கருவிகள் விற்ற மெக்ஃபேடன் என்ற கடைக்காரர் தன் வை-ஃபையைத் திறந்து வைத்திருந்தார். யாரோ அதன் வழியாகத் திருட்டுப் பாட்டுப் பகிர, சோனி நிறுவனம் வழக்குப் போட்டது. 2016 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நடுநிலையானது. வெறும் குழாயாக இருந்தவர் நஷ்டஈடு தரவேண்டியதில்லை. ஆனால் கடவுச்சொல் வைத்து, பயன்படுத்துவோர் தம் அடையாளத்தைச் சொல்லும்படி செய்ய அவருக்கு உத்தரவிடலாம். பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்தது. அந்த 'வெறும் குழாய்' பாதுகாப்பு 2002ஆம் ஆண்டு விதிகளின் மூலம் இங்கேயும் வந்திருந்தது.

ஒரு ஜனவரி 31

நிபந்தனை உடையும் நாளைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இங்கே சுயதொழில் செய்வோரின் வருமானவரிக் கணக்கை இணையத்தில் சமர்ப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 31. ஒரு நாள் தாமதமானாலும் 100 பவுண்டு அபராதம்.

சட்டனில் ஒரு மாடியறையில் கணக்காளராக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில் மாலை ஐந்து மணிக்கு என்னை அழைத்தார். கடைசி நேரத்தில் காகிதப் பையோடு வந்த ஏழெட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகள் மிச்சம். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்து பிழைச் செய்தி வருகிறதாம். அரசின் கணினிதான் திணறுகிறது என்று மதியம் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்.

"நூறு பவுண் எண்டது பெரிய காசில்லைத் தம்பி. நானே கட்டிப்போட்டுவிடுவன். ஆனா நாளைக்கு அந்தச் சனம் என்னை நம்பி வராது" என்றார்.

போய்ப் பார்த்தேன். கைப்பேசியின் இணைப்பில் கணினியைச் சேர்த்ததும் கணக்கு உடனே போனது. ஆகவே அரசின் கணினி மீது பழியில்லை. கட்டட இணைப்பில் சோதித்தால், அரை நொடிக்குள் திரும்பி வரவேண்டிய பதில் நான்கு ஐந்து நொடி எடுத்தது. தரவிறக்கம் நன்றாகவே இருந்தது. தரவேற்றம்தான் மூச்சுத் திணறியது. மேல்தளத்தில் கட்டட வரைபடம் செய்யும் ஒரு சிறு நிறுவனம், புதிதாக வாங்கிய இணையக் காப்பகத்துக்குத் தன் பத்தாண்டுக் கோப்புகளையும் அன்று காலையிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் மீதும் குற்றமில்லை. கீழே ஒருவர் நேரத்தோடு மல்லுக்கட்டுவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று வருடமாக ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் இரு தரப்பும் அன்றுதான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் ஏற்றுவதை நிறுத்திய அடுத்த நிமிடம் கணக்குகள் போகத் தொடங்கின. ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்தது.

அந்தக் கட்டடத்தில் இன்னும் இரண்டு கணக்காளர்கள் உண்டு. அன்று அவர்களும் அதே பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள். இங்கேதான் எர்லாங்கின் கணக்கு கைவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு நேரம் என்பது ஒரு நாளைக்கு மட்டும் பாதி நேரம் என்று மாறினால், நான்கு பேருக்கு மேல் மும்முரமாக இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டிலிருந்து நூற்றில் அறுபத்திரண்டாக எகிறுகிறது. வருடத்தில் 364 நாள் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஏற்பாடு, மிக முக்கியமான அந்த ஒரு நாளில் காலை வாருகிறது.

சரியாகச் செய்வது எப்படி?

மேற்சொன்ன தாமதத்துக்குப் பொறியியலில் பெயரே உண்டு. சரியாக வரிசைப்படுத்தாத ரௌட்டர், வந்த பொட்டலங்களையெல்லாம் நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கிறது. வரிகணக்கின் சிறு பொட்டலம், வரைபடங்களின் ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்குப் பின்னால் நிற்கிறது. கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகியோர் 2012இல் இதற்கு நல்ல தீர்வொன்றை வெளியிட்டார்கள். வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் அம்முறையோடு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை வைத்துச் சுழற்சியில் விடும் முறையும் சேர்ந்து இன்று பல ரௌட்டர்களில் இலவசமாகவே கிடைக்கிறது. யாராவது அதை இயக்கிவைக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு மேல், ஒவ்வோர் அறைக்கும் இவ்வளவு வேகம் நிச்சயம், மிச்சமிருந்தால் மட்டும் கூடுதல் என்று ஒரு வரம்பும் வைக்கலாம்.

அடுத்தது பிரிவினை. எல்லா அறைகளையும் ஒரே வலைப்பின்னலில் போட்டு, ஒரே வை-ஃபை கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பயண முகவரின் கணினியிலிருந்து வழக்கறிஞரின் அச்சுப்பொறி தெரியும். டியூஷனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பையன் முயன்றால் கணக்காளரின் கோப்புகள்வரை போகலாம். புகலிட விண்ணப்பங்களும் வங்கிக் கணக்குகளும் இருக்கும் அறைகள் இவை. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வி-லான் என்னும் தனி மெய்நிகர் வலைப்பின்னல் போட்டு ஒன்றையொன்று பார்க்காமல் மறைப்பது, நிர்வகிக்கத்தக்க எந்தச் சாதாரண ஸ்விட்சிலும் முடியும். ஒரே கூரையின் கீழ் இடையே சுவர் எழுப்புவது போன்றது அது. அது இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, முகவரி. எல்லோரும் ஒரே ஐ.பி. முகவரி வழியே வெளியே போனால், வெளியுலகுக்குக் கட்டடம் முழுவதும் ஒரே ஆள். ஓர் அறையின் கணினியில் கிருமி புகுந்து குப்பை மின்னஞ்சல்களை அனுப்பினால், கரும்பட்டியலில் விழுவது எல்லோருக்கும் பொதுவான முகவரி. குடித்தனத்துக்கு ஒரு முகவரி கேட்டு வாங்குவதே சிறந்தது. முடியாவிட்டால், எந்த நேரத்தில் எந்த அறை எந்த வாயில் எண்ணில் வெளியே போனது என்ற குறிப்பாவது இருக்க வேண்டும். அந்தக் குறிப்பையும் தேவைக்கு மேல் சேர்த்துவைக்கக் கூடாது. அதுவும் பிறருடைய அந்தரங்கம்தான். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

வை-ஃபை பற்றி ஒரு சொல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றுதான். பத்து அறையும் பத்துப் பெட்டி வைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் சந்தைக்கடையாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில், கட்டடத்துக்கே பொதுவாகத் திட்டமிட்டு வைப்பது தனித்தனியாக வைப்பதைவிட மேல்.

கடைசியாக, தொலைபேசி. பழைய செம்புக்கம்பித் தொலைபேசிச் சேவையை அடியோடு நிறுத்த 2027 ஜனவரி 31 என்று கெடு வைத்திருக்கிறார்கள். ஆகவே பேச்சும், அட்டை தேய்க்கும் இயந்திரமும், சில இடங்களில் அபாய மணியும் அந்த ஒரே இணைப்பை நம்பியே இருக்கும். பகிர்ந்த இணைப்பை எடுப்பவர் மாதம் சில பவுண்டுக்கு ஒரு கைப்பேசி வலையமைப்பு இணைப்பைத் தனியாக மாற்றுக்கு வைத்துக்கொள்வது வீண்செலவல்ல.

ஏரியும் மடையும்

இதையெல்லாம் யோசிக்கும்போது நம் ஏரிப்பாசனம் நினைவுக்கு வருகிறது. ஒரே ஏரி, பல வயல். எல்லா வயலுக்கும் தனித்தனி ஏரி வெட்ட முடியாது. நீர்க்கட்டி என்று ஒருவர் மடையைத் திறந்து மூடி முறைவைத்து நீர் பாய்ச்சுவார். அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். ஏரி நிறைந்திருக்கும்போது முறை தேவையில்லை. வறட்சியில், எல்லாப் பயிரும் ஒரே வாரத்தில் வாடும்போதுதான் முறையின் மதிப்புத் தெரியும். ஜனவரி 31 போல.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் பெயர் எடுத்து ஏரி வாரியம் அமைக்கும் விதிகளை அவை சொல்கின்றன. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடமிருந்த சபை அது. அதைப் பொற்காலமாகக் காட்ட நான் வரவில்லை. ஆனால் அதில் ஒரு விதி என்னைக் கவர்ந்தது. வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்கள் மறுபடி வரமுடியாது. அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் தடை.

கட்டடக்காரரிடம் கேட்க வேண்டியதும் அதுவே. இணைப்பின் பெயர் என்ன, கொள்ளளவு எவ்வளவு, எத்தனை பேருக்குப் பகிர்கிறீர்கள், அறைகளுக்கிடையே பிரிவு உண்டா, நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு நேரத்தில் சரியாகும், எனக்குத் திருப்தியில்லையென்றால் வேறு கம்பி கொண்டுவரலாமா? இந்த ஏழு கேள்விக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் தாராளமாக வாங்கலாம். சற்று லாபம் வைத்து விற்றாலும் பரவாயில்லை. தனியாக எடுப்பதைவிட அது மலிவாகவும் வேகமாகவும் இருக்கும். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்பவரிடம் அறையை வேண்டுமானால் எடுங்கள், இணைப்பைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மாடியில் இப்போது வரைபடக்காரர்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் கோப்புகளை ஏற்றுகிறார்கள். யாழ்ப்பாணத்து அண்ணை ஜனவரி முதல் வாரத்திலேயே தன் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசி செய்து, காகிதப் பையோடு வரச்சொல்லி நச்சரிக்கத் தொடங்கிவிடுகிறார். ரௌட்டரில் செய்த திருத்தத்தைவிட அது கூடுதலாகப் பலன் தந்திருக்கிறது.